ஒரு மணித்தியாலத்தில் மரண அறிவித்தல்

றலியா கண்டிக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்குத் தெரிந்த மரண அறிவித்தல் ஒரே வகைதான். அக்குறணையில் யாராவது காலமானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரக்கும். இன்னாருடைய தகப்பனார், இன்ன தெரு, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதோடு சரி. எங்கள் இணையத்தளத்துக்கு வந்த முதல் யாழ்ப்பாண அறிவித்தலை அடித்து முடித்தபோது, அவள் விரல்களை உதறிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மௌத்தானது ஒராள். பேரு நாப்பதுக்கு மேல ஈக்கி. கலியாணக் காட்டுக்கும் இவ்வளவு பேர் போட மாட்டாங்களே."

கலியாணக் காட் பற்றி அவளுக்குத் தெரியும். அக்குறணையில் ஓர் அச்சகத்தில் ஐந்து வருஷம் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள். தமிழ்த் தட்டச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 2006இல் விவேகானந்தன் சேர் அவளை வேலைக்கு எடுத்தது கேக் விற்க. கொட்டுகொடல்ல வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறை, நாலு கொம்பியூட்டர், நினைத்த நேரம் மூச்சை விடும் ஒரு பற்றரி. வெளிநாட்டில் இருப்பவர்கள் இணையத்தில் பணம் கட்டினால் ஊரிலிருக்கும் உறவுக்குக் கேக்கும் பூங்கொத்தும் போய்ச் சேரும் என்பதுதான் திட்டம். நான் தளத்தைக் கட்டினேன். றலியா தமிழ்ப் பக்கங்களைப் பார்த்தாள். ஆட்கள் வந்து எட்டிப் பார்க்கட்டுமே என்று ஒரு மூலையில் மரண அறிவித்தலுக்கும் இடம் விட்டிருந்தோம்.

ஒரு வருஷத்துக்குள் கேக் போய்விட்டது. மூலைதான் தளம் என்றாயிற்று.

யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக் கிடந்த காலம். ஒரு தாயின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் இருந்தார்கள். யார் போய்விட்டார்கள், யார் மிச்சம் என்பதை அவர்கள் எங்கள் பக்கத்தில் பார்த்தே அறிந்துகொண்டார்கள். காலையில் பல் விளக்க முன்னம் அதைத் திறந்து பார்க்கிற பழக்கம் பலருக்கும் அப்போது பிடித்ததுதான். மெல்பனுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அது விடவில்லை. நேரங்கெட்ட நேரத்தில் தொலைபேசி அடித்தால் எடுக்க முன்னம் கை தளத்தைத் தேடுகிறது.

கொழும்பில் இன்னொருவர் இதே தொழிலைத் தொடங்கியதும் விவேகானந்தன் சேருக்கு நித்திரை போனது. அவர் சுன்னாகத்துக்காரர். முன்பு கணக்காளராக இருந்தவர், நேரத்தைக் கண்டால் அதை வெட்டிக் குறைக்கப் பார்ப்பார். தளத்தின் நெற்றியில் சிவப்பில் ஒரு வரி போடச் சொன்னார்: தகவல் கிடைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் உலகமெங்கும். போட்டவன் நான்தான். ஆனால் அந்த வரியைச் சுமந்தவள் றலியா.

கனடாவில் ஆட்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஊருக்கு எடுத்துப் பேசிவிட்டு எங்களுக்கு எடுக்கும்போது இங்கே இன்னும் விடிந்திருக்காது. ஐரோப்பாவில் அதே வேலை முடிகிற நேரம் இங்கே ஊர் அடங்கியிருக்கும். நடுவில் அவுஸ்திரேலியா. றலியா ஸுபஹ் தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச்சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டி மறுபடி ஏறி வருவாள். போகும் நேரத்துக்குக் கணக்கில்லை. பிறகு சேர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். அவளுடைய வீட்டுக்கே ஒரு கொம்பியூட்டரும் இணைப்பும் கொடுத்துவிட்டார். அவளுடைய தாய் உம்மு குல்சும் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னதை றலியா எங்களுக்கு நடித்துக் காட்டினாள்: "எல்லாரும் மௌத்த வீட்டிலிருந்து வெளிய எடுத்துட்டுப் போறாங்க. நீ உள்ளுக்குக் கொண்டுவந்து மேசை போட்டு வச்சீக்கிறாய்."

கணவர் மஹ்மூத்துக்குத் திகனவில் சாப்பாட்டுக் கடை. அவரும் நேரம் காலம் தெரியாமல் வேலை செய்கிறவர் என்பதால் இருவரும் வாசலில் சந்தித்துக்கொள்வார்கள் என்பது எங்கள் அலுவலகப் பகிடி.

"சாவுக்கு லீவு இல்லைப் பிள்ளை," என்பார் சேர், அவள் வெள்ளிக்கிழமை நேரத்தோடு போகக் கேட்டால்.

"சாவுக்கு மாப்பிள்ளையும் இல்ல, உம்மாவும் இல்ல சேர். எனக்கு ஈக்கி."

கேட்டுவிட்டு அவர் சிரிப்பார். போக விடமாட்டார்.

தாக்குப்பிடிக்க அவள் சில வழிகள் வைத்திருந்தாள். இஞ்சி நசுக்கிப் போட்ட பிளேன்ரீ. மத்தியானத்தில் மேசையில் நெற்றியை வைத்து, பேர்ஸைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு குட்டித் தூக்கம். பேர்ஸ் நழுவி விழும் சத்தத்தில் எழும்பிவிடுவாள். கண் சொருகும்போது எழுந்து படியிறங்கி மத்திய சந்தை வரை போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவாள். வேலையில் பிடித்த பெரிய வழி ஒன்றிருந்தது. புதிதாக ஓர் அறிவித்தல் வந்தால் வெறும் பக்கத்தில் தொடங்கமாட்டாள். அதே சாயலில் முன்பு போட்ட ஒன்றைப் பிரதி எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றுவாள். தாய்க்கு ஒரு தாய், தகப்பனுக்கு ஒரு தகப்பன், மூன்று பிள்ளை என்றால் மூன்று பிள்ளைக்காரர். பாசமிகு, அன்பு, ஆருயிர் எல்லாம் அந்தந்த இடத்தில் அப்படியே இருக்கும். பாதி நேரம் மிச்சம். இந்த ஆட்களின் ஒழுங்கு அவளுக்கு எங்களைவிட நன்றாகப் பிடிபட்டிருந்தது. முதலில் பெற்றோர், பிறகு துணை, பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள், மைத்துனர், பேரர். யார் பெயரை விட்டால் யார் எடுத்துச் சண்டை பிடிப்பார்கள் என்றும் தெரியும். ஏற்கெனவே இறந்தவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரவேண்டும். அது இல்லாமல் வந்தால் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்பது வாசிக்கிற எல்லோருக்கும் விளங்கும்.

2009 பிறந்ததும் போர் நடந்த வன்னியிலிருந்து பெயர்கள் வரத் தொடங்கின. யாரோ ஒருவர் எங்கோ ஒரு செய்மதித் தொலைபேசியில் சொன்னது, அது லண்டன் போய், லண்டனிலிருந்து எங்களுக்கு. நேர் அறிவித்தல்கள் ஒருபுறம். கண்டியிலோ கொழும்பிலோ வயது போய் இறந்த தாய்மாரின் அறிவித்தல்களில்கூட பிள்ளைகளின் வரிசையில் அந்தச் சொல் ஏறிக்கொண்டே போனது. ஒரு வாரம் றலியா வீட்டில் படுத்ததாக நினைவில்லை என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

மார்ச்சில் ஒரு நாள் விடிய ரொறன்ரோவிலிருந்து நவரட்ணராஜா என்பவர் எடுத்தார். தாயார் லீலாதேவி கண்டி, கட்டுக்கலையில் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேர்: நவரட்ணராஜா, கனடா, ஸ்ரீஸ்கந்தராசா, வன்னி. இளையவர் கிளிநொச்சியில் தபால் கந்தோர் உத்தியோகத்தர். அவருடைய மனைவி பத்மாதேவி மாமியாரை வைத்தியத்துக்குக் கண்டிக்குக் கூட்டி வந்தவர், பாதை அடைபட்டுப்போய் இங்கேயே வாடகை வீட்டில் தங்கிவிட்டார். தகனம் எத்தனை மணிக்கு என்று நவரட்ணராஜாவுக்குத் தெரியவில்லை. றலியாவே கட்டுக்கலை வீட்டுக்கு எடுத்துக் கேட்டாள். லீலாதேவியின் தங்கை எடுத்து, மூன்று மணிக்கு மஹியாவ மயானம் என்றார். அறிவித்தல் சொன்ன நேரத்துக்குள் ஏறியது. றலியா நெற்றியை மேசையில் வைத்தாள்.

பத்து மணியளவில் ஒரு பெண் படியேறி வந்தார். தலை குளித்த ஈரம் காயவில்லை. நூல் சேலை, நெற்றியில் பொட்டு. கதிரையை இழுத்துப் போட்டும் இருக்கவில்லை.

"நான் பத்மாதேவி. கட்டுக்கலையிலயிருந்து வாறன். செத்த வீட்டை விட்டிட்டு வந்திருக்கிறன், கெதியாய்ச் சொல்லுங்கோ. இவருக்கு எப்ப நடந்தது? உங்களுக்கு ஆர் சொன்னது?"

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் தன் கைத்தொலைபேசியை மேசையில் வைத்தார். ரொறன்ரோவிலிருந்து மைத்துனர் எடுத்து அழுதிருக்கிறார்: ஏன் பத்மா எங்களுக்குச் சொல்லேல்ல, தளத்தில பார்த்துத்தானே தெரியவேண்டியிருக்கு. றலியா பக்கத்தைத் திறந்தாள். நவரட்ணராஜா (கனடா), காலஞ்சென்ற ஸ்ரீஸ்கந்தராசா (வன்னி) ஆகியோரின் பாசமிகு தாயாரும்.

அவளுடைய முகத்தில் இருந்த நித்திரையெல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டது. அந்தச் சொல்லை அழித்தாள். பக்கம் திருத்தமாகி ஏறியது.

"எடுத்துப்போட்டியள்," என்றார் பத்மாதேவி. "நான் கேட்டபடியாத்தானே எடுத்தனீங்கள். நான் வந்திராட்டி அது இருந்திருக்கும். எனக்கு மறைக்க வேண்டாம். கனடாவில எல்லாரும் நினைக்கினம் எங்கட வீட்டில ஆரோ உங்களுக்குச் சொன்னதெண்டு. மாமியின்ர தங்கச்சி, சின்ன மாமி, சொல்லுறா கனடாக்காரர்தான் சொன்னதெண்டு. ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும்."

அவர் கடைசியாகக் கணவரின் குரலைக் கேட்டது ஜனவரியில், புதுக்குடியிருப்பிலிருந்து. அரைகுறையாக.

விவேகானந்தன் சேர் தன் அறையிலிருந்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார், "அது சேர்வரில வந்த ஒரு கோளாறு, அம்மா. நாங்கள் மனம் வருந்துறம்."

"சேர்வருக்கு என்ர மனிசனைத் தெரியுமோ?"

சேர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"கோளாறு ஒண்டுமில்ல அக்கா," என்றாள் றலியா. "நான்தான். இங்க வந்து பாருங்க."

அவரைத் தன் கதிரையிலேயே இருத்தினாள். அதற்கு முதல்நாள் போட்ட இன்னொரு தாயின் அறிவித்தலைத் திறந்தாள். வவுனியாத் தாய், இரண்டு மகன்கள், மூத்தவர் சுவிஸ், இளையவர் பெயருக்கு முன்னால் அந்தச் சொல். றலியா அதைப் பிரதி எடுத்தாள். தாயின் பெயரை அழித்து லீலாதேவி என்று அடித்தாள். மூத்தவரின் பெயரை அழித்து நவரட்ணராஜா. இளையவரின் பெயரை அழித்து ஸ்ரீஸ்கந்தராசா. பெயர்தான் மாறியது. முன்னால் இருந்த சொல் அசையாமல் நின்றது.

"இப்பிடித்தான் அக்கா செஞ்ச. ஒங்கட மச்சான் சரியாத்தான் சென்னார். எனக்கு ஒராளும் வேற ஒண்டும் செல்லல்ல. கண்ணு முழிச்சி முழிச்சி, கை தன்பாட்டுக்குப் போயிட்டு."

பத்மாதேவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை உண்மையாவே...?"

"ஓம் அக்கா. அவர் உண்மைதான்."

"அப்ப அந்தத் தாயின்ர சொல் எங்கட வீட்டுக்கு வந்திட்டுது." எழுந்து சேலையைச் சரி செய்தார். "எனக்கு விளங்குது. அங்க விளங்காது. சின்ன மாமி என்ர பொட்டை அழிக்கச் சொல்லி நிக்கிறா. தாலிக்கொடியைக் கழட்டி அவரின்ர படத்துக்கு முன்னால வைக்கட்டாம். நீர் வந்து சொல்லும், தங்கச்சி."

சேர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அந்த நேரம் இரண்டு அறிவித்தல்கள் காத்துக்கொண்டிருந்தன. றலியா ஏற்கெனவே பர்தாவைச் சரிசெய்து கொண்டிருந்தாள். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

த்ரீவீல் கட்டுக்கலை ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அழுகை கேட்டது. பத்மாதேவி என் பக்கம் திரும்பி, "நான் வெளிக்கிடேக்க மாமிக்குத்தான் அழுதவை," என்றார். இப்போது ஒப்பாரியில் வந்த பெயர் லீலாதேவியுடையதில்லை. கிழவி நடுக்கூடத்தில் கிடக்க, பெண்கள் மகனைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

றலியா செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றாள். கறுப்பு உடுப்போடு ஒரு முஸ்லிம் பெண் வந்து நிற்பதைக் கண்டதும் அழுகை கொஞ்சம் அடங்கியது.

"நான்தான் நெட்டில அந்த அறிவித்தலப் போட்ட," என்றாள். "அது பிழை. எனக்கு அவரப் பத்தி எந்தத் தகவலும் வரல்ல. வேற ஒராள்ட பேருக்குப் போட்டத அழிக்க மறந்துட்டன்."

சின்ன மாமி எழுந்து வந்தார். மெலிந்த உடம்பு, அழுது சிவந்த கண்.

"உனக்கு இப்பிடிச் சொல்லச் சொல்லி ஆர் பிள்ளை சொல்லித் தந்தது? இவளோ?"

"ஒராளும் சொல்லித் தரல்ல அம்மா. ரெண்டு மூணு நாளாத் தூங்கல்ல. எனக்குப் பிழைச்சிட்டு."

"நித்திரைத் தூக்கத்தில எழுதினதுக்கோ அம்மா இவ்வளவு நேரமும் அழுதனீங்கள்?" என்றார் சின்ன மாமியின் மகன் தனபாலன். கொள்ளி வைப்பதற்காகத் தலை மழித்து, ஈர வேட்டியோடு நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"நீ பேசாதை. பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். அது பிழையெண்டால், அவன் இருக்கிறான் எண்டு சொல்லு. நான் நம்புறன்."

றலியா ஓம் என்றிருந்தால் அங்கே எல்லாம் முடிந்திருக்கும். ஒரு சின்னப் பொய். நான்கூட அவள் அதைச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது அம்மா," என்றாள். "இருக்கிறாரெண்டும் தெரியாது. இல்லையெண்டும் தெரியாது. எனக்கு ஒண்டுமே தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதினதுதான் பிழை."

சின்ன மாமி அவளைப் பார்த்தபடி நின்றார். கோபம் இருந்தது. ஆனால் அடுத்த கேள்வி வரவில்லை. யாரோ றலியாவுக்கு ஒரு பிளேன்ரீயை நீட்டினார்கள், பக்கத்து வீட்டில் போட்டது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். பத்மாதேவி உள்ளே போய் மாமியாரின் கால்மாட்டில் இருந்தார். அவருடைய கழுத்தையும் நெற்றியையும் கூடத்திலிருந்த அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.

குருக்கள் வந்து பாயில் அமர்ந்து கும்பத்தை வைத்தார். வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. தர்ப்பையை முறுக்கிக்கொண்டே வழமைபோல் கேட்டார்.

"தாய்க்குக் கொள்ளி வைக்கக் கடைசி மகன்தானே உரித்துக்காரர். இவர்தான் மகனோ?"

"நான் பெறாமகன், ஐயா," என்றார் தனபாலன்.

"அப்ப மகன்?"

தனபாலன் தாயைப் பார்த்தார். சின்ன மாமி தலையைக் குனிந்துகொண்டார். குருக்கள் தர்ப்பையோடு நிமிர்ந்து, பதில் வருமென்று காத்திருந்தார். மகனின் பெயரைச் சொல்லி அவருக்குப் பதிலாகச் செய்வதா, மகன் உயிரோடு இல்லை என்று வைத்துச் செய்வதா என்று குருக்களுக்குத் தெரியவேண்டும்.

"மகன் வன்னியில நிக்கிறார், ஐயா," என்றார் பத்மாதேவி. குரல் உயரவில்லை. "ஸ்ரீஸ்கந்தராசா. வர ஏலாமல் நிக்கிறார். அவருக்காண்டித் தம்பி வைக்கிறான். அவரின்ர பேரைச் சொல்லிச் செய்யுங்கோ."

குருக்கள் நட்சத்திரம் கேட்டார். பத்மாதேவி சொன்னார். கிரியை தொடங்கியது. சிறிது நேரத்தில் பெண்கள் மறுபடி அழுதபோது அது கிழவிக்கான அழுகையாக இருந்தது.

மறுநாள் றலியா வீட்டுக் கொம்பியூட்டரை ஒரு த்ரீவீலில் கொண்டுவந்து சேரின் அறை வாசலில் வைத்தாள். "இது இங்கயே ஈக்கட்டும் சேர். இனி பிரதி எடுக்கவும் மாட்டன். வெறும் பக்கத்திலதான் அடிப்பன். ஏத்த முன்னம் வீட்டாருக்கு எடுத்து ஒவ்வொரு பேராக வாசிச்சிக் காட்டுவன். அவங்க ஓம் எண்டாத்தான் ஏறும்."

"ஒரு மணித்தியாலத்துக்குள்ள எப்பிடிப் பிள்ளை முடியும்?"

"முடியாது. அந்த வரிய எடுங்க."

"கொழும்புக்காரன் முந்துவான்."

"முந்தட்டும் சேர். அவருக்கும் ஒரு நாளைக்கு ஒரு பத்மா அக்கா வருவா."

சேர் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, சிவப்பு வரியை எடு என்றார். பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள். அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு காலையும் சேர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். றலியாவின் வேலை நேரம் குறையவில்லை, கூடித்தான் போனது. ஆனால் அந்த நேரம் திரையிலிருந்து தொலைபேசிக்கு மாறியது. அது அதைவிடக் கஷ்டம் என்றாள். ஒவ்வொரு வன்னிப் பெயரிலும் ஒரு கணம் நிற்பாள். எதிர்ப்பக்கத்தில் ஓம் என்பார்கள், இல்லை என்பார்கள், அழுவார்கள், சிலர் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தவர்களுடைய அறிவித்தலில் பெயரையும் ஊரையும் மட்டும் போட்டாள். அந்த மாதங்களில் அவள் நெற்றியை மேசையில் வைத்ததை நான் காணவில்லை. கண்ணை மூடினால் பெயர் கேட்குது என்று மஹ்மூத்திடம் சொன்னாளாம். இரண்டு கிழமை லீவு கேட்டாள். சேர் நான்கு நாள் கொடுத்தார். அதிலும் இரண்டாம் நாளே அவளுக்கு எடுத்து, ஒரு சந்தேகம் கேட்டார்.

ஏப்ரலில் லீலாதேவியின் முப்பத்தோராம் நாள் வந்தது. அந்தியேட்டி அழைப்பும் நன்றி நவிலலும் போடவேண்டும் என்று நவரட்ணராஜா எடுத்தார். அதே தளமா என்று றலியாவே கேட்டுவிட்டாள். பத்மா அங்கதான் போடச் சொன்னவ, வேற இடம் வேண்டாமாம் என்றார். வெறும் பக்கத்தில் அடித்து முடித்துவிட்டு, றலியா கட்டுக்கலைக்கு எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"பத்மா அக்கா, வாசிக்கட்டா?"

"வாசியும்."

"நவரட்ணராஜா, கனடா."

"ஓம்."

"ஸ்ரீஸ்கந்தராசா, வன்னி."

அந்தப் பக்கத்தில் ஒழுங்கையால் போகும் ஒரு பாண் வண்டியின் சத்தம் வந்தது, தேய்ந்து போனது. றலியா விரலைத் திரையில் அந்தப் பெயரின் மேல் வைத்திருந்தாள். முன்னால் அந்தச் சொல் வரவேண்டுமா என்று அவள் கேட்கவில்லை.

"ஓம்," என்றார் பத்மாதேவி. "ஊரும் சரி. அடுத்த பேரை வாசியும், தங்கச்சி."